நாற்பது கிலோவும் இருபத்தைந்து கிலோவும்

டில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. துணியும் புத்தகமும் ஒரு பெட்டி. படுக்கை ஒரு சுருள். அம்மா கட்டிக் கொடுத்தது ஒரு மூட்டை. அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறுமே தவிர, மூட்டை என்ற ஒன்று இல்லாமற் போவதில்லை. இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, மாவடு, நார்த்தங்காய், அப்பளம், முறுக்கு, வருஷம் முழுவதற்கும் போதுமான புளி, இவ்வளவும் நம்மோடு ரயிலேறி, இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம் செய்து, தலைநகர் வந்து சேருகின்றன.

அதுவரையில் தொல்லையில்லை. பெரிய ரயிலை விட்டு இறங்கி, பூமிக்கடியில் ஓடும் சின்ன ரயிலில் ஏறப் போகும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது. புது டில்லி ஸ்டேஷனிலிருந்து நம் பல்கலைக்கழகத்துக்கு மெட்ரோ ரயிலில் கால் மணி நேரப் பிரயாணந்தான். ஆயினும் சென்னையிலிருந்து வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தராத களைப்பை அந்தக் கால் மணி தந்துவிடும். ஏன் அப்படி, அதற்கு என்ன செய்யலாம் என்பதை, நானே பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற உரிமையில், இவ்வாண்டு புதிதாக வரும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பட்டது

என் ஊர் விருத்தாசலம் பக்கம். நான் முதன்முதலாகக் கிளம்பிய அன்று என்னிடம் மூன்று உருப்படிகள் இருந்தன. ஒரு பெரிய சக்கரப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, ஒரு மஞ்சள் பை. மஞ்சள் பைக்குள் என் சான்றிதழ்களின் அசல் பிரதிகள். மறுநாள் காலை அவற்றைக் காட்டினால்தான் கல்லூரியில் இடம்.

"தம்பி, இந்தப் பையை மட்டும் கையை விட்டு எறக்காதே. மத்தது போனா வாங்கிக்கலாம்" என்று ரயில் புறப்படும் வரையில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு இரவும் அந்தப் பையைத் தலைக்கடியில் வைத்துத்தான் படுத்தேன். டில்லி வந்தது. கூலிக்காரர் துணையோடு மெட்ரோ வாசல் வரை வந்துவிட்டேன். அங்கே சோதனை. பெட்டியையும் மூட்டையையும் கதிர்ப்படம் எடுக்கும் இயந்திரத்தில் போடச் சொன்னார்கள். மஞ்சள் பையையும் போடச் சொன்னார்கள். போட்டேன். நான் காவலரின் கைச் சோதனையை முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் என் சாக்கு மூட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

"ஏ க்யா ஹை?" என்றார் காவலர்.

புளி என்பதற்கு இந்தியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்புக் கொட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "அச்சா, இம்லி!" என்றார். மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, மறுபடியும் கட்ட விட்டார். பின்னால் வரிசை நின்றது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவசர அவசரமாகக் கயிற்றை இழுத்துக் கட்டி, மூட்டையைத் தோளில் ஏற்றி, பெட்டியை இழுத்துக்கொண்டு, கீழே பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டி வந்தது. ஏறப் போனேன். அப்போதுதான் வலது கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

அந்த ஒரு கணத்தை இன்று நினைத்தாலும் வயிற்றில் ஏதோ செய்கிறது. பெட்டியையும் மூட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடலாமா? ஓடினால் அவையும் கேட்பாரற்ற சாமான்களாகிவிடும். ஆகையால் அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் மேலே போனேன். இயந்திரத்தின் மறு முனையில் என் மஞ்சள் பை தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றி நாலடி தூரத்துக்கு ஒருவரும் இல்லை. இரண்டு காவலர்கள் ஜனங்களை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, பிரித்துச் சரிபார்த்து, என் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பையைக் கொடுத்தார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. தவறு முழுவதும் என்னுடையதுதான். வாங்கக் கூடிய புளியைக் காப்பாற்றப் போய், வாங்க முடியாததை விட்டுவிட்டேன்.

வரம்பு ஏன்?

இனி விஷயத்துக்கு வருவோம். நம் இந்திய ரயில்வேயில் ஒரு பிரயாணி இலவசமாகக் கொண்டுபோகக் கூடிய சாமான் எவ்வளவு? ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் 40 கிலோ. இரண்டடுக்குக் குளிர்சாதன வகுப்பில் 50. குளிர்சாதன முதல் வகுப்பில் 70. சாதாரண இரண்டாம் வகுப்பில் 35. டில்லி மெட்ரோவில் எவ்வளவு? ஒருவருக்கு 25 கிலோ. பையின் அளவு நீளத்தில் 80, அகலத்தில் 50, உயரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது. இதுவும் பிற்காலத்தில் தளர்த்திக் கொடுத்ததே. முன்பு 15 கிலோவோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே ஸ்லீப்பர் வகுப்பில் சட்டப்படி, ஒரு குற்றமும் செய்யாமல், 40 கிலோவோடு வந்து இறங்குகிற மாணவர், மெட்ரோ வாசலை மிதித்தவுடன் 15 கிலோ அதிகம் வைத்திருப்பவராக ஆகிவிடுகிறார். நம் கஷ்டமெல்லாம் இந்தப் பதினைந்து கிலோவில் அடங்கியிருக்கிறது.

இதை மெட்ரோக்காரர்களின் கெடுபிடி என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு ரயில்களும் இரண்டு வேறு காரியங்களுக்காக ஏற்பட்டவை. நெடுந்தூர ரயில் குடும்பத்தைக் கொண்டுபோகிறது. அதில் ஒருவருக்கு ஒரு படுக்கை உண்டு. படுக்கைக்கு அடியில் இடம் உண்டு. ஸ்டேஷனில் நிற்பதும் நிமிஷக் கணக்கு. நகரின் பாதாள ரயிலோ, வேலைக்குப் போகிறவனை, கல்லூரிக்குப் போகிறவளை, கடைக்குப் போகிறவரைக் கொண்டுபோகிறது. எட்டுப் பெட்டிகள் கொண்ட ஒரு வண்டியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள். நெரிசல் வேளையில் ஏறத்தாழ மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி. ஒரு ஸ்டேஷனில் அது நிற்பது சுமார் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குள் இறங்குகிறவர்கள் இறங்க வேண்டும், ஏறுகிறவர்கள் ஏற வேண்டும், கதவு மூட வேண்டும். ஒருவருடைய மூட்டை வாசலில் சிக்கிப் பத்து விநாடி தாமதமானால் பின்னால் சுரங்கத்தில் வருகிற வண்டியும் காத்திருக்க வேண்டியதுதான். சுரங்கத்தில் ஒதுங்கி வழிவிட மாற்றுப் பாதை கிடையாது.

இடக்கணக்கும் இருக்கிறது. பெரிய பெட்டி ஒன்று தரையில் அடைத்துக்கொள்ளும் இடம் ஒரு மனிதர் நிற்கும் இடம். வண்டியில் நூறு பேர் அத்தகைய பெட்டி கொண்டுவந்தால் நூறு பேர் பிளாட்பாரத்தில் நின்றுவிட வேண்டும்.

உலகத்தின் முதல் பாதாள ரயில் லண்டனில், 1863 ஜனவரி 10ஆம் தேதி, பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின்; சுரங்கம் முழுவதும் புகை. வெளியூர் ரயில்கள் வந்து நிற்கும் பெரிய ஸ்டேஷன்களை நகரத்தின் மையத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அந்தப் பாதை பிறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். ஆக, வெளியூர் ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கி, பாதாள ரயிலின் வாசலைத் தேடுகிற மனிதர் நமக்கு மிகவும் பழைய உறவினர். 1890இல் ஆழத்தில் குழாய் போன்ற குறுகிய சுரங்கங்களைக் குடைந்து, மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கினார்கள். குடைவதற்குச் செலவு அதிகமாகையால் குழாயைச் சிறிதாக்கினார்கள். குழாய் சிறிதானதால் வண்டியும் சிறிதாயிற்று. 1977இல் அந்நகரின் பிக்காடில்லி பாதையை ஹீத்ரோ விமான நிலையம் வரை நீட்டியபோது, அதற்கென்று செய்த வண்டிகளில் கதவுக்கு அருகே தரையை விசாலமாக விட்டார்கள். பெட்டி வைப்பதற்காக! சாமானுக்கு இடம் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தம் இடத்தை விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பூமிக்கடியில் கிடைக்கிற இடம் அவ்வளவு அருமையானது.

நம் நாட்டில் இந்த வித்தையை முதலில் கற்றது கல்கத்தா, 1984 அக்டோபர் 24ஆம் தேதி. டில்லி மெட்ரோ 2002 டிசம்பரில் மேம்பாலத்தின் மேல் ஓடத் தொடங்கியது. அதன் முதல் சுரங்கப் பகுதி எது தெரியுமா? 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட, விசுவவித்யாலயாவிலிருந்து காஷ்மீர் கேட் வரையிலான பாதை. அதாவது, இந்நகரில் பூமிக்கடியில் ஓடிய முதல் மெட்ரோ, நம் பல்கலைக்கழக வாசலிலிருந்துதான் புறப்பட்டது! அடுத்த ஆண்டு ஜூலையில் அது புது டில்லி ஸ்டேஷனையும் தாண்டித் தெற்கே சென்றது.

புளி ஏன் அகப்பட்டது?

என் புளியை இயந்திரம் எப்படிக் கண்டுபிடித்தது என்று நெடுநாள் வியந்தேன். பின்னர் இயற்பியல் படிக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார்.

அந்த இயந்திரம் சக்தியில் வேறுபட்ட எக்ஸ் கதிர்களைப் பையின் வழியே செலுத்துகிறது. ஒவ்வொரு பொருளும் அவற்றை ஒவ்வொரு விதமாக உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, பொருளுக்கு ஒரு நிறம் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. இரும்பு போன்ற உலோகங்கள் நீல நிறம். கரி, பிராணவாயு முதலிய இலேசான மூலகங்களால் ஆன பொருள்கள் ஆரஞ்சு நிறம். இடைப்பட்டவை பச்சை. துணி, காகிதம், சோறு, முறுக்கு எல்லாம் ஆரஞ்சு. வெடிமருந்தும் ஆரஞ்சு! வித்தியாசம் எங்கே என்றால், துணி மெல்லிதாகையால் வெளிறித் தெரியும். கெட்டியான, அடர்ந்த கட்டி கருத்துத் தெரியும். ஐந்து கிலோ புளியை உருட்டி, அழுத்தி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றினால் திரையில் எப்படித் தெரியும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். காவலர் பையைத் திறக்கச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் அவர் தம் கடமையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இதிலிருந்து நமக்கு மூன்று பாடங்கள்.

ஒன்று: கெட்டியான தின்பண்டம், புளி, வெல்லம் இவற்றைப் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள். மேலாக, எளிதில் எடுத்துக் காட்டும்படி வையுங்கள். அவற்றின் இந்திப் பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புளி இம்லி, ஊறுகாய் அசார், வெல்லம் குட், மஞ்சள் ஹல்தி. முகத்தைச் சுளித்துக் காட்டுவது எல்லாச் சமயத்திலும் பலிக்காது.

இரண்டு: கூரிய ஆயுதங்களுக்கும் எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கும் உள்ளே இடமில்லை. "ஹாஸ்டலில் காய் நறுக்க உதவும்" என்று அரிவாள்மணையை வைத்து அனுப்பும் தாய்மார்களுக்கு இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சமையல் வாயு உருளை, மண்ணெண்ணெய் எவையும் கூடா.

மூன்று, இதுதான் முக்கியம்: நீங்கள் கைச் சோதனைக்கு நிற்கும் இடமும், உங்கள் பை வெளியே வரும் இடமும் ஒன்றல்ல. பெண்களுக்குத் தனி வரிசையும் மறைப்புக்குள் சோதனையும் இருப்பதால், நம் சகோதரிகள் சிறிது நேரம் தங்கள் பையைப் பார்க்கவே முடிவதில்லை. ஆகையால் வரிசையில் உங்கள் முறை நெருங்கும் வரை பையைக் கையை விட்டு விடாதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் முதலில் போய் மறு முனையில் நிற்கட்டும். எத்தனை உருப்படி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தை விட்டு நகர்வதற்கு முன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். பக்கத்திலிருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். சான்றிதழ், பணம், மருந்து இவை மட்டும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும். சோதனை முடிந்ததும் முதலில் அதை எடுங்கள்.

வாயில், படி, கதவு

சோதனை முடிந்தால் சீட்டைக் காட்டிக் கடக்கும் தானியங்கி வாயில். நீங்கள் கடந்ததும் அதன் இறக்கைகள் மூடிக்கொள்ளும். சக்கரப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் அந்தப் பக்கம், பெட்டி இந்தப் பக்கம் என்று ஆகிவிடலாம். பெட்டியை முன்னே தள்ளிக்கொண்டு, ஒட்டினாற்போல் போக வேண்டும். வரிசையில் ஒரு வாயில் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். சக்கர நாற்காலிக்காரர்களுக்காக ஏற்பட்டது. அவர்கள் இல்லாதபோது பெட்டிக்காரர்களுக்கும் அதுவே சௌகரியம்.

அடுத்தது பிளாட்பாரத்துக்கு இறங்குவது. சாவடி பஜார் ஸ்டேஷனில் பிளாட்பாரம் தரை மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் ஆழம். ஹவுஸ் காஸில் 2018இல் திறக்கப்பட்ட மெஜந்தா பாதையின் பிளாட்பாரம் 29 மீட்டர். சாமானோடு இறங்குவோர் நகரும் படிக்கட்டை நாடுகிறார்கள். அது தவறு. நகரும் படி ஒவ்வொன்றும் ஒரு முழ ஆழங்கூட இராது. கனத்த பெட்டி அதில் சரியாக உட்காராமல் சாய்ந்து, கை நழுவினால், கீழே நிற்கும் அத்தனை பேர் மேலும் உருண்டு விழும். மின்தூக்கி எல்லா ஸ்டேஷன்களிலும் இருக்கிறது. அது எங்கே என்று தேட இரண்டு நிமிஷம் ஆகலாம். அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழியுங்கள். முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் நின்றால் அவர்களுக்கு முதலிடம். அதையும் மறக்க வேண்டாம்.

பிளாட்பாரத்தில் நிற்கும்போது வண்டி தெரிவதற்கு முன்பே முகத்தில் காற்று வீசும். சுரங்கத்தை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு வருகிற வண்டி, தனக்கு முன்னுள்ள காற்றைக் குழலுக்குள் தண்டு தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றே உங்களுக்கு மணி. பெட்டியின் பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுக்கு நேராக நிற்காமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். இறங்குவோர் இறங்கியபின் முதலில் பெட்டி, பிறகு நீங்கள்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. தடிப்பான பொருள் குறுக்கிட்டால் கதவு தானே திறந்துகொள்ளும். ஆனால் மெல்லிய துணி, பையின் நாடா, கயிற்று முனை இவை சிக்கினால் கதவுக்குத் தெரியாமலே போகலாம். 2023 டிசம்பரில் இந்நகரில் ஒரு பெண்மணியின் சேலை கதவில் சிக்கி, வண்டி நகர்ந்து, அவர் உயிரிழந்தார். ஆகையால் தொங்கும் நாடா, மூட்டைக் கயிறு, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாவற்றையும் ஏறுமுன் சுருட்டிக்கொள்ளுங்கள். கதவு மூடும் ஓசை கேட்டபின் ஓடி ஏறாதீர்கள். கையில் பாரம் இருக்கும்போது ஒருக்காலும் கூடாது. அடுத்த வண்டி சில நிமிஷத்தில் வரும்.

உள்ளே போனதும் கதவை விட்டு நகர்ந்து, பெட்டிக் கோடியில் பெட்டியைச் சாய்த்து வைத்து, அதன் அருகிலேயே நில்லுங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது நம் பைக்கும் நல்லது, பின்னால் நிற்பவர் மூக்குக்கும் நல்லது. வண்டியின் முதல் பெட்டி 2010 அக்டோபர் 2ஆம் தேதி முதல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மூட்டையோடு திகைத்து ஓடிவரும் புதிய மாணவர்கள் அதில் ஏறி அபராதம் கட்டிய கதைகள் நம் ஹாஸ்டலில் ஏராளம்.

எந்த வழி, எந்த வேளை?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருவோர் புது டில்லியில் இறங்குகிறார்கள். மஞ்சள் பாதையின் மெட்ரோ ஸ்டேஷன் அஜ்மீரி கேட் பக்கம் இருக்கிறது. பஹாட்கஞ்ச் பக்கம் போய்விட்டால் அத்தனை பிளாட்பாரங்களையும் மேம்பாலத்தில் மறுபடி கடக்க வேண்டும். மெட்ரோ ஏறினால் சாவடி பஜார், சாந்தினி சவுக், காஷ்மீர் கேட், சிவில் லைன்ஸ், விதான் சபா, ஆறாவது விசுவவித்யாலயா. எங்கும் மாற வேண்டியதில்லை.

மதுரையிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ஹஜ்ரத் நிஜாமுதீன் வரும் வண்டிகளில் வருவோருக்கு, 2018ஆம் ஆண்டின் கடைசி நாளில் அங்கே இளஞ்சிவப்புப் பாதை வந்தது. அதில் ஏறி, டில்லி ஹாட் - ஐ.என்.ஏ.யில் மஞ்சள் பாதைக்கு மாற வேண்டும். மாறுவது என்றால் சாமானோடு ஏறி இறங்குவது. விமானத்தில் வருவோருக்கு 2011இல் தொடங்கிய விமான நிலைய எக்ஸ்பிரஸ் பாதையில் சாமான் வைக்கத் தனித் தட்டுகள் உண்டு. ஆனால் அது புது டில்லியில் தனி ஸ்டேஷன். அங்கிருந்து மஞ்சள் பாதைக்கு நடக்க வேண்டும். தட்டில் வைத்த பெட்டிக்கு அதன்பின் தட்டு கிடையாது.

வேளையும் முக்கியம். காலையில் எட்டு மணிக்குமேல் பத்தரை வரையிலும், மாலையில் ஐந்தரை முதல் எட்டு வரையிலும் சாமானோடு ஏற முயல்வது வீண். அப்போது வந்து இறங்கினால் ஸ்டேஷனிலேயே பல் துலக்கி, காப்பி சாப்பிட்டு, கூட்டம் தணிந்தபின் கிளம்புங்கள். சாமான் மிக அதிகமானால் ரயில்வே ஸ்டேஷனின் கிளோக் ரூமில் ஒரு பகுதியை வைத்துவிட்டு, மறு நடையில் எடுத்துக்கொள்ளலாம். பூட்டுப் போட்ட பெட்டியாக இருக்க வேண்டும். பிரயாண டிக்கெட்டும் கேட்பார்கள்.

இன்னொரு யோசனை. ஒத்திகை பார்த்துக்கொண்டே வரலாம்! சென்னையில் 2017 மே மாதத்திலிருந்து சுரங்கத்திலும் மெட்ரோ ஓடுகிறது; மறு ஆண்டு மே மாதத்தில் அது சென்ட்ரலை எட்டியது. தெற்கேயிருந்து எழும்பூர் வந்து இறங்குகிறவர்களுக்குச் சென்ட்ரல் ஒரே ஸ்டேஷன். அப்பாவும் அண்ணனும் கூடவே இருக்கும்போது, அவர்களை வேடிக்கை பார்க்கச் சொல்லிவிட்டு, எல்லாச் சாமானையும் நீங்களே தூக்கிக்கொண்டு அந்த ஒரு ஸ்டேஷனைக் கடந்து பாருங்கள். முடியவில்லையென்றால், எது அதிகம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதிகமானதை அப்பா திருப்பி எடுத்துப் போவார்.

அந்தப் பதினைந்து கிலோ

எதை விடுவது? இதற்கு அம்மாவின் வார்த்தையைவிட நல்ல விதி நான் கண்டதில்லை. "மத்தது போனா வாங்கிக்கலாம்." வாங்கக் கூடியதை விட்டுவிடுங்கள், வாங்க முடியாததைக் கொண்டு வாருங்கள்.

டில்லியில் தமிழர்கள் இன்று நேற்று வந்தவர்களல்லர். கரோல் பாகிலும், ராமகிருஷ்ணபுரத்திலும், மயூர் விஹாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னாட்டுச் சாமான் எது வேண்டுமானாலும் கிடைக்கிறது. அதுவும் நம் மஞ்சள் பாதையிலேயே இருக்கிறது. புளி, அப்பளம், புழுங்கலரிசி, நல்லெண்ணெய், தேங்காய் எல்லாம் இங்கே உண்டு. வாளி, பக்கெட், தலையணை, போர்வை இவற்றை இரண்டாயிரம் கிலோமீட்டர் சுமந்து வருவது பாபம். அவை கமலா நகரில் கிடைக்கும். கனத்த புத்தகங்களை அஞ்சலில் அனுப்பிவிடலாம்.

கிடைக்காதது எது? அம்மா கையால் வறுத்து அரைத்த பொடி. பாட்டி போட்ட ஊறுகாய். இவை இரண்டு கிலோவுக்கு மேல் வருவதில்லை. எடை பார்த்தால் அன்பு எப்போதும் இலேசானதுதான். அதைச் சுற்றி நாம் கட்டுகிற கவலைதான் கனமாக இருக்கிறது. "பிள்ளை அங்கே என்ன சாப்பிடுவானோ" என்ற கவலை ஐந்து கிலோ புளியாகிறது. "குளிர் தாங்குவானோ" என்பது மூன்று கம்பளியாகிறது. ஊரிலிருக்கும் அவர்களுக்கு டில்லி தெரியாது. தெரிந்த நாம் ஒரு கடிதமாவது, ஒரு டெலிபோனாவது செய்து, இங்கே என்னென்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மூட்டை பாதியாகியிருக்கும்.

அப்படியும் சில சமயம் நாற்பது கிலோவோடுதான் வர நேரும். அதற்கும் வழி இருக்கிறது. மெட்ரோவின் விதி ஒருவருக்கு 25 கிலோ. வெறுங்கையோடு ஒருவர் உங்களை அழைத்துப் போக வந்தால், அவருக்கும் ஒரு 25 கிலோ உண்டு. நாற்பதை இரண்டு பைகளில் இருபது இருபதாகப் பிரித்தால், இருவரும் விதிக்குள் அடங்கிவிடுவீர்கள். ஒருவர் இயந்திரத்தின் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்; மஞ்சள் பை மறந்துபோகாது. புளிக்கு இந்தியில் என்ன என்று சொல்லவும் ஆள் இருக்கும்.

நான் வந்த அன்று எனக்கு அப்படி ஒருவர் இல்லை. சங்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதனாலேயே இரண்டு ஆண்டுகளாக, கல்லூரி திறக்கும் வாரத்தில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வரும் காலை வேளைகளில் நம் அங்கத்தினர் சிலர் முறை வைத்து அஜ்மீரி கேட் பக்கம் போய் நிற்கிறோம். இவ்வாண்டு முறைப் பட்டியலில் இன்னும் சில நாள்கள் காலியாக இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரைப் பார்க்கலாம். வேண்டிய தகுதி ஒன்றுதான். வரும்போது கை வெறுங்கையாக இருக்க வேண்டும்.